விரலறிந்த விசைகள்

அத்தியாயம் பதினேழு

சென்ற வெள்ளிக்கிழமை, ஆலுவாவிலிருந்து திரும்பிய ரயிலில், கங்கா தன் நெஞ்சோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றே ஒன்று. மகள் அம்முவின் கல்யாணத் தேதி குறிக்கப்படும் வரையில் வாய் திறப்பதில்லை.

நாற்பத்தேழு வயதில் அவள் பார்வையின் நட்டநடுவே ஒரு புகைவட்டம் வந்து குடியேறியிருந்தது. எதை நேரே நோக்குகிறாளோ அதை அது விழுங்கிவிடும். எதை நோக்காமல் விடுகிறாளோ அது மட்டும் ஓரத்தில் நின்று துலங்கும். ஆதலால் மட்டாஞ்சேரியின் நெரிசலில் எவர் மீதும் இடிக்காமல் நடந்தாள், படி இறங்கினாள், பால் பொங்கும் முன் அடுப்பைத் தணித்தாள். எழுத்தும் முகமும் மாத்திரம் அவளை விட்டு அகன்றிருந்தன.

அதையும் அவள் தாங்கியிருப்பாள். ஆலுவாவில் மருத்துவர் கூறிய இரண்டாவது வாக்கியம்தான் அவளைக் கட்டிப் போட்டது. இந்த நோய் குருதிவழி இறங்கக் கூடியது. மகளையும் ஒருமுறை அழைத்து வர வேண்டும்.

இன்று வியாழன். மாலை நாலு மணிக்குத் திருப்பூணித்துறையிலிருந்து மாப்பிள்ளை ஆனந்தகுமாரும் அவன் தாயாரும் தேதி குறிக்க வருகிறார்கள். இன்னும் ஒன்பது மணி நேரம். ஓராண்டு ஒளித்தவளுக்கு ஒரு பகல் பெரிதா?

ஒளிக்கும் கலையை அவள் நுணுக்கமாய்ப் பயின்றிருந்தாள். பூஜையில் அமர்ந்தால் புத்தகம் மடியில் விரிந்து கிடக்கும். பாசுரம் நெஞ்சிலிருந்து பெருகும். பக்கம் புரட்ட மட்டும் மறக்கமாட்டாள். போனில் செய்தி வந்தால், "கை நனஞ்சிருக்கு, அம்மு, வாசி" என்பாள். பதில் எழுதுவதற்கோ எவர் துணையும் வேண்டியதில்லை. அங்கேதான் அந்தப் பழைய போன் தூண்போல் நின்றது. கண்ணாடித் திரைக்குக் கீழே முப்பத்தைந்து சிறிய விசைகள். நெல்மணி அளவு ஒவ்வொன்றும். நடுவிலிருந்த ஒன்றில் மயிரிழை மேடு. அந்த மேட்டில் கட்டைவிரல் ஊன்றினால் போதும். மற்ற முப்பத்து நான்கும் எங்கே இருக்கின்றன என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

"அம்மா, கண்ணை மூடு," என்றாள் அம்மு.

காலைத் தோசைக்கு நடுவில் இதென்ன விளையாட்டு? கங்கா மூடினாள். குளிர்ந்த, வழுவழுத்த பலகை ஒன்று அவள் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது.

"இப்போ தொற!"

திறந்தாள். பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை. புகைவட்டத்தின் விளிம்பில் ஏதோ பளபளத்தது.

"புது போன்! என்னோட போனஸ்ல வாங்கினது. சொல்லு, எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு," என்றாள் கங்கா. "ஆனா எனக்கு எதுக்கு இது? என்னோடது நன்னாத்தானே ஓடறது?"

"ஓடறதாம்!" கணவர் வெங்கிடாசலம் தோசையை நிறுத்திச் சிரித்தார். "முதுகு வீங்கிப் பூரி மாதிரி ஆயாச்சு. பாங்க் ஆப்பு இனி அதுல தொறக்காதுன்னு போன மாசமே கையை விரிச்சுட்டா. பாட்டரி கேட்டுண்டு எறணாகுளம் முழுக்க நடந்தேன். ஒரு கடைக்காரன் என்னை மியூசியத்துக்கு வழி கேக்கச் சொன்னான்!"

"பாதி உடம்பு பட்டன். மீதிதான் ஸ்கிரீன்," என்று அம்மு சேர்ந்துகொண்டாள். "ஆனந்தோட அம்மா வீடியோல கூப்பிட்டா உன் மூக்கு மட்டும்தான் தெரியறதாம். ஃபோட்டோ எடுத்தா வெயில்லகூட மழை பெய்யறது. பட்டன்ல தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. நீ பாட்டுக்கு இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதறே, ஆபீஸ்காரா மலையாளமா வாசிக்கறா."

"தப்பா அமுங்காதுடி," என்றாள் கங்கா. "தொட்டா தொட்டேன்னு விரலுக்குத் தெரியும். ஈரக் கையாலே அமுக்கினாலும் கேக்கும். ஒரு எழுத்தை அமுக்கிப் பிடிச்சா ஆளைக் கூப்பிடும். 'வி'க்கு அப்பா. 'ஏ'க்கு நீ..."

அத்துடன் நிறுத்திக்கொண்டாள். 'கே' என்ற விசையைப் பற்றி அவள் சொல்லவில்லை. அதை அமுக்கிப் பிடித்தால் ஆலுவாக் கண்ணாசுபத்திரி.

"பாக்காமலே எழுதுவேன்னு உனக்குக் கர்வம்," என்று கணவர் செல்லமாய்ச் சீண்டினார். "இனிமே எங்களைப் போல பாத்து எழுது."

"அது எங்கே? அலமாரியிலே காணலையே?"

"நீ குளிக்கப் போனபோதே சிம்மை மாத்தியாச்சு. பழசை அனிலுக்குக் கொடுத்துட்டேன். ரொம்ப நாளாக் கேட்டுண்டிருந்தான், ஜன்னல்ல வைக்க," என்றார் வெங்கிடாசலம்.

யூதர் தெருவான ஜூ டவுனில் அனிலின் பழம்பொருள் கடையில் பித்தளைக் குத்துவிளக்கு உண்டு. கப்பல் திசைகாட்டி உண்டு. எண்வட்டைச் சுழற்றும் டெலிபோன் உண்டு. வெள்ளைக்காரர்கள் ஜன்னலில் மூக்கை ஒட்டி நிற்பார்கள்.

"உயிரோட இருக்கற போனையா?" கங்காவின் குரல் அவளை மீறி உயர்ந்தது.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் அமைதியால் அறிந்தாள். அந்தப் போனுக்குப் பூட்டு இல்லை. அதற்குள் 'கே' இருந்தது. மருத்துவமனை அறிக்கையின் நான்கு படங்களும் இருந்தன.

"சும்மா சொன்னேன்," என்று சிரித்தாள். "ரெண்டு ஃபோட்டோ இருந்தது அதுல."

*

ரஷீது முதலாளியின் மிளகுத் தரகு அலுவலகத்தில் பதினொரு மணி என்பது ஒரு சடங்கு. கோதுமை நிறக் கோணிகள் வரிசையாக வாய் திறந்து நிற்க, அவர் ஒவ்வொன்றிலும் முழங்கை வரை கையை விடுவார். ஒரு மணியைக் கடிப்பார். தரமும் விலையும் உரக்கச் சொல்வார். அவர் குரல் கூரையில் மோதித் திரும்புமுன் கங்காவின் கட்டைவிரல்கள் அதை எழுதி அறுபது வணிகர்களுக்கு அனுப்பியிருக்கும். அனுப்பிய சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இருபது ஆண்டாக அவள் ஒருமுறையும் குனிந்து பார்த்ததில்லை. 'கங்காம்மாவுக்கு விரல்ல கண்ணு' என்று ரஷீது வந்தவர்களிடமெல்லாம் பெருமை பேசுவார். அந்தப் பாராட்டு இந்த ஓராண்டில் எத்தனை முறை அவளைக் குத்தியிருக்கும்!

இன்று அவர் கடித்தார், சொன்னார். கங்கா கண்ணாடியின் மேல் விரலை வைத்தாள்.

மேடு இல்லை. விளிம்பு இல்லை. கரையே காணாத நீர்ப்பரப்பில் இறக்கிவிட்டதுபோல் விரல்கள் தவித்தன. எங்கோ தொட்டாள், எதுவோ துடித்தது, மீண்டும் தொட்டாள். அனுப்பும் குறி வலக்கோடியில் இருக்கும் என்ற நம்பிக்கையில் அங்கே அழுத்தினாள்.

ரஷீதின் போன் சிணுங்கியது. பிறகு இன்னொரு முறை. பிறகு நிற்காமல்.

"கங்காம்மா, என்னத்த அனுப்பினீங்க? ஒரு வரியும் மனசிலாகல்லயே. தூத்துக்குடிக்காரன், 'முதலாளி, உடம்பு சுகம்தானே'ன்னு கேக்கறான்!"

"புதுப் போன், முதலாளி. கை பழகல்லே."

"கை பழகல்லே, செரி. கண்ணால பாத்து அமுக்கலாமில்ல?"

கங்கா போனை முகத்தருகே உயர்த்தினாள். புகைவட்டமும் கூடவே உயர்ந்தது. பார்ப்பதுபோல் பாவனை செய்து, தாழ்த்தினாள்.

ரஷீது தம் போனில் அந்த வரியைத் தேடி அழித்தார். நல்ல மனிதர். "சாரமில்ல, போட்டும்," என்றார். "அழிச்சுட்டேன். இன்னைக்கு லமியா எழுதட்டும். வீட்டுல விசேஷம் இருக்கில்ல? நேரத்தோட போங்க. நாளைக்கு அந்தப் பழைய போனக் கொண்டு வாங்க."

அவர் மகள் லமியா உள்ளறையிலிருந்து வந்து நின்றாள். அவள் விரல் கண்ணாடியில் நடக்கும் ஓசைகூடக் கேட்கவில்லை. கோணிகளை எண்ணிக் கட்டவைத்துவிட்டுக் கங்கா இறங்கியபோது மணி மூன்று.

*

"சேச்சி, அது போயல்லோ!" என்றான் அனில்.

கடையின் குளிரில் மெழுகு மணத்தது. கங்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "போச்சா? யாரு வாங்கினா?"

"ஆரும் வாங்கினதில்ல. பத்து மணிக்கு அம்மு வந்து எடுத்துண்டு போயாச்சு. படம் கொஞ்சம் காப்பி பண்ணணுமாம். நானானா, அதை விளக்குக்கும் திசைகாட்டிக்கும் நடுவுல வச்சு ஒரு சீட்டெல்லாம் எழுதினேன்." அவன் ஒரு அட்டையை நீட்டினான். "வாசிச்சுப் பாருங்க, சேச்சி. நல்லா வந்திருக்கா?"

கங்கா அட்டையை வாங்கிச் சற்று நேரம் பிடித்திருந்தாள்.

"நன்னா வந்திருக்கு," என்றாள். எது நன்றாக வந்திருக்கிறது என்று தெரியாமலே.

வெளியே ஏலக்காயும் சுக்கும் மூட்டைகளிலிருந்து மூச்சுவிட்டன. படகுத்துறைப் பக்கம் ஏதோ வண்டி ஒலியெழுப்பியது. வீட்டுக்குப் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடமும் அம்முவின் கட்டைவிரல் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிக்கொண்டே போவதை அவள் மனம் கண்டது. ஏ. பி. சி. விளையாட்டாகத்தான் அமுக்குவாள். 'கே' பதினோராவது எழுத்து.

*

அம்மு சமையலறையில் நின்றாள். கேசரிக்கு ரவை வறுத்து இறக்கியிருந்தாள். முந்திரி கருகியிருந்தது, அந்த மணமே சொல்லிற்று.

"இந்தா," என்று பழைய போனைத் தாயின் கையில் வைத்தாள்.

விரல்கள் தம் வீடு திரும்பின. மேடு இருந்தது. முப்பத்து நான்கும் இருந்தன.

"எதுக்கு இதை எடுத்துண்டு வந்தே?"

"உனக்கு ஃபோட்டோ வேணும்னியே." அம்மு அடுப்பை அணைத்தாள். "'கே'யை அமுக்கிப் பிடிச்சேன், அம்மா. கண்ணன் மாமாவாக்கும்னு நெனச்சேன். சிம் இல்லாததால கால் போகல்லே. பேர் மட்டும் வந்தது. அப்பறம் நாலு ஃபோட்டோவும் பாத்தேன்."

கங்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கை நனஞ்சிருக்கு, வாசி, வாசின்னு எத்தனை நாள்! நான் எத்தனை தடவை கோச்சுண்டேன்! 'உனக்குக் கை எப்பத்தான் காயும்'னுகூடக் கேட்டேன். நீ சிரிச்சே." குரல் உடைந்தது. "என் முகம் தெரியறதா உனக்கு?"

"பக்கத்துச் சுவத்தைப் பாத்தா கொஞ்சம் தெரியும்," என்றாள் கங்கா. "அடுப்பைத் தொடை. நாலு மணிக்கு வந்துடுவா."

"அவாகிட்ட சொல்லணும்."

"சொல்லலாம். தேதி குறிக்கட்டும்."

"குறிச்சப்பறம் சொன்னா அது ஏமாத்து, அம்மா. எனக்கும் வரலாம்னுதானே அதுல எழுதியிருக்கு?"

"வரலாம்னுதான் இருக்கு. வந்தாச்சுன்னு இல்லை!" கங்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வெறும் 'வரலாம்' என்கற ஒத்தை வார்த்தைக்காக உன்னை வேண்டாம்னு ஒருத்தி எழுந்து போறதை நான் கேக்கணுமா? பாக்கத்தான் முடியாது, கேக்கவும் வெக்காதே. சுவாமி விளக்கைத் தொட்டுச் சொல்லு. அவா போறவரை உன் வாயிலேந்து ஒண்ணும் வராது."

அம்மு போய் விளக்கைத் தொட்டாள். பித்தளையில் வளை உரசும் ஒலியைக் கங்கா கேட்டாள்.

கங்கா கூடத்தில் வைத்திருந்த புதுப் போனைச் சற்று நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்த மகளின் குரல் வேறாக இருந்தது. "செரி. நான் பறயமாட்டேன். ஆனா உன் புதுப் போன்ல ஒரு காரியம் செஞ்சு வெச்சிருக்கேன். ஒனக்கு உபகாரமா இருக்கும். அவா போனப்பறம் காட்டறேன்."

"என்ன காரியம்?"

வாசல் மணி அடித்தது. கால்மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

*

சம்பந்தியம்மாள் சந்தன மணத்தோடு வந்து நாற்காலியில் அமர்ந்தாள். அவள் முகத்தைக் கங்கா இதுவரை முழுதாய்க் கண்டதில்லை, குரலைத்தான் அறிவாள். கனிவான குரல், கணீரென்றது. ஆனந்தகுமார் ஜன்னலோரம் இருந்தான். கண்ணோரத்தில் ஒரு வெள்ளைச் சட்டை.

"புதுப் போன் வந்தாச்சு போல இருக்கே!" என்றாள் சம்பந்தியம்மாள். "இனிமே உங்க மூக்கை மட்டும் பாத்துண்டு பேச வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கங்காவும் சிரித்தாள். மடியில் அந்தக் கண்ணாடிப் பலகை கனத்தது. பழைய போனை இடுப்பில் செருகியிருந்தாள். சிம் இல்லாத வெறுங்கூடு, ஆனாலும் ஒரு துணை.

கேசரி வந்தது, காப்பி வந்தது, கருகிய முந்திரியை எவரும் குறை சொல்லவில்லை. பிறகு சம்பந்தியம்மாள் கைப்பையைத் திறக்கும் ஓசை.

"ஜோசியர் மூணு நாள் குறிச்சுக் கொடுத்திருக்கார். எங்காத்துல ஒரு வழக்கம் உண்டு. நாளைப் பெண்ணோட அம்மா வாசிக்கணும். அவ வாயால வந்த நாள்தான் நாள்." மஞ்சள் தடவிய தாள் ஒன்று கங்காவின் கைக்கு வந்தது. "வாசியுங்கோ."

தாள் இருந்தது. எழுத்து இல்லை.

நாலு சுவரும் ஓரடி உள்ளே நகர்ந்தாற்போல் இருந்தது. கை நனைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. உலர்ந்த கையில்தான் தாள் இருந்தது. பாசுரம்போல் இதை நெஞ்சிலிருந்து ஓத முடியாது.

"அம்மாக்கு சந்தோஷத்துல கண்ணு நெறஞ்சிருக்கு," என்று அம்மு விரைந்து வந்தாள். "நான் வாசிக்கறேனே."

"பெண்ணே தன் தேதியை வாசிப்பாளா?" சம்பந்தியம்மாள் சிரித்தாள். "நன்னாயிருக்கே! கண்ணைத் தொடச்சுண்டு நிதானமா வாசிக்கட்டும். எங்களுக்கென்ன அவசரம்?"

"வாசி, கங்கா," என்றார் வெங்கிடாசலம், பெருமையோடு.

கங்கா வாயைத் திறந்தாள்.

பேசியது அவள் அல்லள்.

"புதிய செய்தி," என்றது மடியிலிருந்து ஒரு பெண்குரல், ஏற்றமும் இறக்கமும் இன்றி, தெள்ளிய மலையாளத்தில். "ஆலுவாக் கண்ணாசுபத்திரி. கங்கா வெங்கிடாசலம். நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணி..."

உபகாரம் என்று மகள் சொன்னது இதுதான். வாசிக்க முடியாதவளுக்காக வாசித்துக் காட்டும் போன். வாய்விட்டு, ஊரறிய.

கங்கா பலகையைப் பற்றினாள். பழையதாயிருந்தால் இடக்கோடியில் ஒரே விசை. ஒரு தொடுகையில் ஊமையாகியிருக்கும். இங்கே எதை அழுத்துவது? விரல் வழுக்கிற்று. விரல் பட்ட இடமெல்லாம் அந்தக் குரல் பெயர் சொல்லிற்று. "காமிரா," என்றது. "கடிகாரம்," என்றது. அவள் விரலை இழுக்க, "செய்தி," என்று மறுபடியும் தொடங்கிற்று, முதலிலிருந்து, அவசரமே இல்லாமல்.

"...காலை பத்து மணி. பரம்பரை நோய்ப் பரிசோதனைக்காக மகளையும் தவறாமல் கூட்டி வரவும்."

அம்மு பாய்ந்து வந்து அதைப் பறித்தாள். குரல் நின்றது. அவள் சத்தியத்தை மீறவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

வெங்கிடாசலத்தின் காப்பித் தம்ளர் எங்கோ வைக்கப்பட்டது, மிக மெதுவாக.

"கங்கே," என்றார் அவர். "என்னாக்கும் இது?"

"கண்ணாசுபத்திரி யாருக்கு?" என்று கேட்டாள் சம்பந்தியம்மாள். குரலில் கனிவும் இல்லை, சினமும் இல்லை. கணீரென்பது மட்டும் இருந்தது.

இருபது ஆண்டு வாக்கு அனுப்பியவள் கங்கா. அனுப்பிய சொல்லுக்கு மறுசொல் இல்லை என்பதை அவளைவிட யார் அறிவார்? தாளை மடித்துச் சம்பந்தியம்மாளின் பக்கத்தில் வைத்தாள். ஓராண்டில் முதல்முறையாக, பிறர் முன்னிலையில், ஒருவர் முகத்தைக் காண வேண்டி அவருக்கு அப்பாலிருந்த சுவரை நோக்கினாள். ஓரத்தில் அந்த முகம் எழுந்தது: அகன்ற நெற்றி, பெரிய குங்குமம், இறுகிய உதடு.

"எனக்கு," என்றாள். "நீங்க கொடுத்த தாளை என்னாலே வாசிக்க முடியாது."

"எனக்கும்," என்றாள் அம்மு. "நாளைக்குப் பத்து மணிக்கு டெஸ்ட்."

அப்போது ஜன்னலோரத்தில் நாற்காலி நகர்ந்தது. கங்காவின் கண்ணோரத்தில் அந்த வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது. வாசலும் அந்தப் பக்கம்தான். அம்மு நின்றதும் அந்தப் பக்கம்தான்.

அவன் எதை நோக்கி அடியெடுத்து வைக்கிறான் என்று காணும் தவிப்பில், எல்லாத் தாயையும்போல, அவள் நேரே திரும்பிப் பார்த்துவிட்டாள்.

அங்கே புகை இருந்தது.